பேட்ஜைத் திருப்பிப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் பேட்ஜ் ஒன்றின் படத்தை அனுப்பி "இது அசலா, என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் முன்பக்கத்தை மட்டும்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கழுகு தெளிவாக இருக்கும், ஓக் இலைகள் தெளிவாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக விழுந்திருக்கும். ஆனால் அதை வைத்து யாராலும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. போலி செய்கிறவன் தன் கவனம் முழுவதையும் கொட்டுவது அந்த முன்பக்கத்தில்தான், வாங்குகிறவர் பார்ப்பதும் அதைத்தானே. பின்பக்கம், விளிம்பு, ஊசி, ஊசி திரும்புகிற கீல், ஊசி போய் மாட்டுகிற கொக்கி, இந்த இடங்களில்தான் அவன் சலித்துப்போகிறான். 1940இல் ஒரு தொழிற்சாலை இந்தப் பொருளை எப்படிச் செய்தது என்பது தெரிந்தால், அவன் எங்கே சலித்தான் என்பதும் தெரிந்துவிடும்.

எனக்குச் சோறு போடுவது டூல் ரூம். எஃகில் அச்சு வெட்டுவது, அதை பிரஸ்ஸில் ஏற்றித் தகடு அடிப்பது, அடித்த தகட்டின் ஓரத்தில் பிசிறு ஏன் வந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்வது, இதுதான் நாள் முழுவதும். ஜெர்மனிக்கு வேலைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பழைய சாமான் சந்தைகளில் பீங்கான் தட்டுகளுக்கும் பழைய கேமராக்களுக்கும் நடுவே இந்த பேட்ஜ்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. பல பேட்ஜ்களில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நாஜி ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி குற்றம், கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் வரலாற்றுப் பதிவுக்கும் விலக்கு உண்டு, அதனால் கடைக்காரர்கள் மறைத்துத்தான் வைப்பார்கள். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பியபோது நான் தினமும் வேலையில் பார்க்கிற தடங்களே அதில் இருந்தன. எனக்கு ஈடுபாடு வந்தது அங்கேதான்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கறுப்புக் காய பேட்ஜ். போரில் காயம்பட்டவர்களுக்காக 1918 மார்ச்சில், கெய்சர் எனப்பட்ட ஜெர்மன் பேரரசரின் காலத்தில் தொடங்கியது இது. 1939 செப்டம்பர் 1 அன்று, அதில் உள்ள ஹெல்மெட்டின் மேல் ஸ்வஸ்திகாவைச் சேர்த்து, ஹிட்லர் அரசு மறுபடி கொண்டுவந்தது. ஒன்றோ இரண்டோ காயம் என்றால் கறுப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி நிறம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் தங்க நிறம். கையோ காலோ கண்ணோ போனவர்களுக்கு ஒரே காயத்திலேயே மேல் வகுப்பு கிடைத்தது. எத்தனை பேர் அந்தப் போரில் அடிபட்டார்கள் என்று யோசித்தால், கறுப்பு வகை லட்சக்கணக்கில் கொடுக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. அதனால்தான் இன்றும் சாதாரண நிலையில் உள்ள ஒன்று 50 யூரோவுக்குள் கிடைக்கிறது. விலை குறைவு என்பதால் நம்பகமான வியாபாரியிடம் ஓர் அசலை வாங்கிக் கையில் வைத்துப் பழகலாம். ஓர் அசலாவது கையில் பழகாமல் படங்களை மட்டும் பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை.

சரி, அதைத் திருப்புங்கள். கறுப்பு வகை பெரும்பாலும் மெல்லிய இரும்புத் தகட்டிலோ பித்தளைத் தகட்டிலோ அடித்தது. முன்னால் மேடாகத் தெரியும் ஹெல்மெட்டும் குறுக்கு வாள்களும் இலை வளையமும் பின்னால் அப்படியே பள்ளமாக இருக்க வேண்டும். இப்போது பத்து மடங்கு லென்ஸில் விளிம்பைப் பாருங்கள். பஞ்ச் தகட்டை வெட்டும்போது கனத்தின் ஒரு பகுதி வழவழவென்று வெட்டுப்படும், மிச்சம் பிய்ந்துகொண்டு வரும். ஆகவே விளிம்பில் ஒரு பளபளப்பான பட்டையும் அதை ஒட்டிச் சொரசொரப்பான ஒரு பட்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். விளிம்பை அரம் போட்டுத் தேய்த்திருந்தால் இது மறைந்திருக்கலாம், அப்போது அரத்தின் கோடுகளாவது நேராகத் தெரியும். வார்த்து எடுத்த போலியில் இது எதுவும் இருக்காது, வளைவுகள் எல்லாம் மழுங்கி, அங்கங்கே ஊசிமுனை அளவுக்குக் குழிகள் இருக்கும்.

அப்புறம் தேய்மானம். சட்டையில் குத்தி அணிந்த பொருளில் பெயின்ட் முதலில் போவது ஹெல்மெட்டின் நெற்றியில், இலைகளின் வெளி ஓரத்தில், வாள் கைப்பிடியில். பள்ளங்களில் பெயின்ட் தங்கியிருக்கும். பெயின்ட் போன இடம் இரும்பாக இருந்தால் அங்கே கரும்பழுப்பாகத் துரு படிந்திருக்கும், அந்தத் துரு பெயின்ட்டின் அடியிலும் கொஞ்சம் ஊர்ந்து போய் அதைத் தூக்கியிருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் உப்புத்தாள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் போயிருக்கும், ஆழமான இடத்திலும் கீறல் தெரியும். ஊசியும் பேசும். பல வருஷம் கீலில் திரும்பிய ஊசிக்குக் கீல் முனையில் தேய்வு வந்திருக்கும், கொக்கி ஊசியைத் தொடுகிற இடத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருக்கும். முன்பக்கம் பயங்கரமாகத் தேய்ந்து, ஊசி மட்டும் நேற்று செய்ததுபோல இருந்தால் விலை பேசவே வேண்டாம்.

இந்தக் காய பேட்ஜிலேயே விலை உயர்ந்த ஒரு வகையும் உண்டு. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ பக்கம் சண்டையிட்ட ஜெர்மானியர்களுக்காக 1939 மே மாதம் உருவானது அது, முதல் உலகப் போர் ஹெல்மெட்டின் வடிவத்தின் மேலேயே ஸ்வஸ்திகா வைத்தது. கொடுக்கப்பட்டது மிகக் குறைவு என்பதால், 1918 பேட்ஜை வாங்கி அதன் ஹெல்மெட்டில் ஸ்வஸ்திகாவைப் பொருத்தி விற்கிற வேலையும் நடக்கிறது. இந்தச் சின்னத்தைச் சுற்றி மட்டும் பெயின்ட்டின் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

அடுத்து காலாட்படைத் தாக்குதல் பேட்ஜ். கழுகு மேலே, ஓக் இலை வளையம், குறுக்கே சாய்வாக ஒரு துப்பாக்கி, முனையில் கத்தி பொருத்தியது. 1939 டிசம்பர் 20 அன்று தொடங்கப்பட்டது. மூன்று வெவ்வேறு நாட்களில் முன்வரிசையில் ஆயுதத்தோடு தாக்குதலில் கலந்துகொண்டவர்களுக்கு வெள்ளி நிறத்தில் கொடுத்தார்கள், 1940இல் வாகனங்களில் செல்லும் காலாட்படைக்கு வெண்கல நிறம் வந்தது. இந்த பேட்ஜைப் படித்தால் போர்க்கால ஜெர்மனியின் பொருளாதாரத்தையே படித்த மாதிரி. ஆரம்பத்தில் செய்தவை டோம்பாக் எனப்படும் செம்பு தூக்கலான பித்தளை வகையிலோ, நிக்கல் சில்வர் எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையிலோ அடித்தவை, ஓரங்கள் கூர்மையாக, வெள்ளிப் பூச்சு நன்றாகத் தங்கியிருக்கும். செம்பு ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டதும் பேட்ஜ்கள் துத்தநாகத்துக்கு மாறின. துத்தநாகத்தின் மேல் போட்ட வெள்ளிப் பூச்சு வருஷங்கள் போகப் போக உலோகத்துக்குள் இறங்கி மங்கிவிடும், மிச்சம் இருப்பது சாம்பல் நிறம்தான். அதனால் 1943, 1944 காலத்து பேட்ஜ் மங்கிக் கிடந்தால் அது குறை இல்லை. முழுசாகப் பளபளவென்று இருந்தால்தான் இரண்டாவது தடவை பார்க்க வேண்டும்.

துத்தநாகம் இன்னொரு தடத்தையும் விட்டுப்போயிருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. துத்தநாகம் உருகுவது சுமார் 420 டிகிரி செல்சியஸில். கீலை ஒட்ட வெள்ளிக் கலவையை உருக்கிப் பற்று வைக்க (சில்வர் சோல்டரிங்) வேண்டுமானால் 600 டிகிரிக்கு மேல் போக வேண்டும், அதற்குள் பேட்ஜே உருகி ஓடிவிடும். டோம்பாக் பேட்ஜில் கீலை உறுதியாகப் பற்று வைத்துவிடலாம், துத்தநாகத்தில் முடியாது. அதனால் பல தயாரிப்பாளர்கள் கீலையும் கொக்கியையும் சின்ன வட்டத் தகட்டில் அமைத்து, பேட்ஜின் பின்னால் ஒரு குழிவில் அதை உட்காரவைத்து, சுற்றியுள்ள உலோகத்தைத் தட்டி இறுக்கினார்கள். லென்ஸில் பார்த்தால் அந்தத் தட்டிய தடம் வட்டமாகத் தெரியும். ஓர் இக்கட்டுக்கு ஒரு தொழிலாளி கண்டுபிடித்த வழி அது. இன்றைக்குப் போலி செய்கிறவனுக்கு அந்த இக்கட்டு இல்லை, இரண்டு சொட்டுப் பசை போதும், அதனால் கீலின் அடியில் பசை வழிந்து கண்ணாடி மாதிரி மினுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வார்ப்பு என்றால் போலி" என்று பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். துத்தநாக பேட்ஜ்களில் பல போர்க்காலத்திலேயே எஃகு அச்சுக்குள் அழுத்தத்தில் வார்த்தவை, அவற்றில் உலோகம் ஓடிய தடமும் வார்த்ததை அச்சிலிருந்து வெளியே தள்ளும் முனையின் வட்டத் தடமும் இருக்கலாம். சந்தேகப்பட வேண்டியது அசல் பேட்ஜ் ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த பிரதியை. உலோகம் ஆறும்போது சுருங்கும், ஆகவே பிரதி எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் சின்னது. நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், சுமார் 44 மில்லிமீட்டர் அகலமுள்ள இரும்புச் சிலுவைப் பதக்கம் 43.5க்கு வந்துவிடும். வெர்னியர் காலிப்பர் இதைச் சொல்லும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு இதே அளவுக்கு மாறும், ஆகவே ஒப்பிடுவது அதே தயாரிப்பாளரின் அசலோடுதான் இருக்க வேண்டும்.

இரும்புச் சிலுவை என்றால் எல்லோருக்கும் தெரியும். 1813 மார்ச் 10 அன்று பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் நெப்போலியனுக்கு எதிரான போருக்காகத் தொடங்கியது, 1870, 1914, 1939 என்று மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. 1939 வகையில் இரண்டாம் வகுப்பு ரிப்பனில் தொங்கும், முதல் வகுப்புதான் இடது மார்பில் ஊசியால் குத்துவது. செய்முறை மூன்று பாகம். நடுவே கறுப்பு பூசிய இரும்புக் கரு, அதை இரு பக்கமும் கவ்வும் வெள்ளி நிறச் சட்டம், முதல் வகுப்பில் பின்பக்கச் சட்டம் ஒரே வெற்றுத் தகடு, அதன் மேல் ஊசி. சட்டத்தின் விளிம்பில் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அதைச் சீராக அரம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். முன்பக்கம், கருவும் சட்டமும் சந்திக்கும் மூலையில் லென்ஸை வைத்தால் இரண்டும் தனித்தனிப் பொருள் என்று தெரிய வேண்டும். ஒரே துண்டாக வார்த்துக் கறுப்பு பூசியதில் அந்த மூலை உருண்டு, பெயின்ட் சட்டத்தின் மேல் ஏறியிருக்கும்.

காந்தத்தை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். கரு இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், நல்லது. ஆனால் போர்க்காலத்திலேயே பித்தளை, துத்தநாகக் கருவோடு செய்தவையும் உண்டு, போலி செய்கிறவர்களும் இப்போது இரும்புக் கருதான் போடுகிறார்கள். காந்தம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும், முடிவை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம் 1957. அந்த ஆண்டு ஜூலை 26 தேதியிட்ட மேற்கு ஜெர்மன் சட்டம் போர்க்காலப் பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்று அனுமதித்தது. முன்பு செய்த சில நிறுவனங்களே புதிய வடிவங்களைச் செய்தன, இரும்புச் சிலுவையின் நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் மூன்று ஓக் இலைகள் வந்தன. இவை போலி இல்லை, சட்டப்படி வந்த தனி வகை, விலை குறைவு. அதே நிறுவனங்களிடம் பழைய அச்சுகளும் இருந்ததுதான் தலைவலி. போருக்குப் பிறகு பழைய அச்சில் ஸ்வஸ்திகாவோடு அடித்தவையும் சந்தையில் இருக்கின்றன. இவற்றைப் பிரிக்க உதவுவது அச்சின் காயங்கள். எஃகு அச்சில் ஓர் இடத்தில் விரிசல் விட்டால் அது அடுத்த அடியில் மறையாது, வளரும். அந்த விரிசல் ஒவ்வொரு பேட்ஜிலும் ஒரு மெல்லிய மேட்டுக் கோடாக விழும். விரிசல் சின்னதாக உள்ளவை முன்னால் அடித்தவை, பெரிதாக உள்ளவை பின்னால். லூடன்ஷைட் ஊரின் ஸ்டைன்ஹவர் உண்ட் லுக் நிறுவனம் செய்த, இரும்புச் சிலுவையின் உயர்ந்த வகுப்பான நைட்ஸ் கிராஸ் பதக்கத்தின் விளிம்பில் வரிசையாக உள்ள சிறு மணிகளில் விழுந்த இத்தகைய குறைகளை வைத்து, எது போர் முடிவதற்கு முன் அடித்தது, எது பின் என்று சேகரிப்பாளர்கள் நீண்ட காலம் விவாதித்தார்கள். மொத்தம் சுமார் 7,300 பேருக்கு மட்டுமே கொடுத்த, பல ஆயிரம் யூரோவுக்குப் போகிற பதக்கம் அது, விவாதம் நடந்ததில் நியாயம் இருக்கிறது.

தயாரிப்பாளர் முத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு எண் வரிசைகள் உண்டு. அரசு வழங்குவதற்காக ஜனாதிபதி அலுவலகத்துக்குச் செய்தவற்றில் வெறும் எண் இருக்கும். உதாரணமாக 30 என்றால் வியன்னா நாணயசாலை, காய பேட்ஜ்களில் அடிக்கடி பார்க்கலாம், 65 என்றால் இடார் ஓபர்ஷ்டைன் ஊரின் க்ளைன் உண்ட் க்வென்ட்ஸர். பதக்கம் பெற்றவர் கூடுதலாக ஒன்றைக் கடையில் வாங்கிக்கொள்வார், அப்படித் தனியார் விற்பனைக்குச் செய்தவற்றில் எல்/11 போல எல் எழுத்தோடு எண் வரும், எல்/11 என்றால் லூடன்ஷைட்டின் வில்ஹெல்ம் டாய்மர். முத்திரையே இல்லாத அசல்கள் ஏராளம். முத்திரை அடிப்பதைவிட எளிதான வேலை போலி செய்கிறவனுக்கு வேறு இல்லை, ஆகவே முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்த முத்திரைக்காரர் செய்த கீலும் ஊசியும் அச்சும் இதுதானா என்று பாருங்கள்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது 1942இல் ஆசாத் ஹிந்த் பதக்கங்களைத் தொடங்கினார். ஷேர் இ ஹிந்த், சர்தார் இ ஜங், வீர் இ ஹிந்த், ஷஹீத் இ பாரத் என்று வகைகள், போர்முனைச் சேவைக்கு வாளோடு, மற்றதற்கு வாள் இல்லாமல். இவற்றைச் செய்துகொடுத்தது வியன்னாவின் ருடால்ஃப் சூவால் நிறுவனம். போருக்குப் பிறகு சேகரிப்பாளர் சந்தைக்காக ஏராளமான மறுபிரதிகளை அடித்து வெளியிட்ட பெயரும் அதே நிறுவனத்துக்குத்தான், ஆசாத் ஹிந்த் பதக்கங்களும் அதில் அடக்கம். இந்தியாவில் "நேதாஜி படையின் அசல் பதக்கம்" என்று யாராவது நீட்டினால், அது சூவால் அடித்ததாகவே இருந்தாலும் எந்த ஆண்டு அடித்தது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு நம்மவர்கள் பணத்தைக் கொட்டுகிற இடம் இது, அதனால்தான் இங்கே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, விலைக்கு வருகிறேன். பழசு என்பதால் விலை வராது. எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எந்தத் தயாரிப்பாளர், எந்த உலோகம், பூச்சு எவ்வளவு தங்கியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இவைதான் விலை. கறுப்புக் காய பேட்ஜ் அடிமட்டம். காலாட்படை பேட்ஜும் இரும்புச் சிலுவை இரண்டாம் வகுப்பும் நூறு யூரோவை ஒட்டி மேலும் கீழும் ஓடும். முதல் வகுப்பு அதைவிடக் கூடுதல். நீர்மூழ்கிக் கப்பல் பேட்ஜ், விமானி பேட்ஜ், பாராசூட் வீரர் பேட்ஜ் எல்லாம் பல நூறு. விலை ஏற ஏறப் போலியும் பெருகும், இந்த விகிதத்தை மறக்காதீர்கள். பெட்டி, நீல நிறக் காகித உறை போன்றவை இருந்தால் கொஞ்சம் கூடும். ஒரு வேண்டுகோள், பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி இதைத் துலக்கிவிடாதீர்கள். பாலிஷ் போட்ட ஒரே நிமிஷத்தில் எண்பது வருஷத் தடம் போய்விடும், விலையில் பாதியும் கூடவே போகும்.

விற்பவர் சொல்கிற கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். "தாத்தா பெர்லினில் எடுத்து வந்தார்" என்பதற்குக் காகிதம் இருந்தால் அது சான்று, இல்லாவிட்டால் வெறும் பேச்சு.

எஸ்எஸ் அமைப்பின் பொருள்களை நான் வாங்குவதில்லை, விலை சொல்லவும் மாட்டேன். போலி மிக அதிகம் என்பது ஒரு காரணம், முக்கியமான காரணம் அது இல்லை. வதைமுகாம்களை நடத்தியவர்களின் சின்னத்துக்குச் சந்தை மதிப்பை ஏற்றிவிடுகிற வேலையில் நான் பங்கெடுக்க விரும்பவில்லை. சாதாரண ராணுவ பேட்ஜ்களும் சுத்தமானவை என்று நான் சொல்லவில்லை. அந்த ராணுவம் போலந்திலும் சோவியத் மண்ணிலும் செய்தது என்ன என்பது ஆவணமாக இருக்கிறது, அதைப் பேசாமல் "தொழில்நுட்ப அழகு" என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 2019 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லரின் தொப்பி உள்ளிட்ட பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, லெபனானில் பிறந்த சுவிஸ் தொழிலதிபர் அப்தல்லா ஷட்டிலா சுமார் 6 லட்சம் யூரோ செலவழித்து அவற்றில் பலவற்றை வாங்கி, ஒரு யூத அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். தவறான கைகளுக்குப் போகக் கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். யாரிடம் விற்கிறோம் என்பதும் விற்பவரின் பொறுப்பு என்பதை எனக்கு இது அழுத்தமாக உணர்த்தியது. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரியிலிருந்து நாஜிச் சின்னங்களின் வியாபாரத்துக்கே தடை. அங்கே இருக்கும் நம் ஆட்கள் கவனிக்க வேண்டும்.

பேட்ஜோடு வழங்கல் சான்றிதழோ ராணுவச் சம்பளப் புத்தகமோ கிடைத்தால், அவற்றை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு என்று ஆசை காட்டும் வியாபாரிகள் உண்டு. காகிதத்தில் பெயர், படைப்பிரிவு, தேதி, கையெழுத்திட்ட அதிகாரி எல்லாம் இருக்கும். பெயர் தெரிந்தால் பெர்லினில் உள்ள ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம், போர்வீரர்கள் பற்றிய தகவல் அலுவலகம் 2019இலிருந்து அதன் கீழ்தான் இருக்கிறது. அந்தப் பிரிவு எந்த மாதம் எங்கே இருந்தது என்று தேடினால் சில சமயம் ஒரு சாதாரண ஆற்றங்கரைப் போர்முனை வரும், சில சமயம் எரிக்கப்பட்ட கிராமங்களின் பெயர்கள் வரும். இரண்டையும் எழுதி பேட்ஜோடு வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் மட்டும் போடாதீர்கள், அதிலிருந்து கசிவது செம்பு கலந்த உலோகத்தில் பச்சைப் பிசுக்காகப் படியும். அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். படம் அனுப்புகிறவர்கள் முன், பின், விளிம்பு, கீல், கொக்கி என்று தனித்தனியாக, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள், எடையையும் கிராமில் சொல்லுங்கள்.